டச்டவுனுக்குப் பின் ஒரு பாட்டு, ஆட்டத்துக்கு முன் ஒரு பாட்டு: அனுபவப் பகிர்வு

ஃபிலடெல்ஃபியா அருகே வசிக்கும் உறுப்பினர்:

எங்கள் ஊர் அமெரிக்கக் கால்பந்து அணியான ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸுக்கு இரண்டு பாட்டுகள் உண்டு. அணி டச்டவுன் எடுத்தவுடன், அதாவது பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்குள் கொண்டுசென்று புள்ளி பெற்றவுடன், அரங்கமே எழுந்து நின்று பாடி, இறுதியில் அணியின் பெயரை ஆறு எழுத்துகளாகப் பிரித்துக் கூவி முடிக்கும் 'ஃப்ளை, ஈகிள்ஸ், ஃப்ளை' ஒன்று. இந்த ஊரில் வளர்ந்த ராப் பாடகர் மீக் மில் 2012-இல் வெளியிட்ட 'ட்ரீம்ஸ் அண்ட் நைட்மேர்ஸ்' மற்றொன்று. முதலாவது அணிக்காகவே எழுதப்பட்டது. இரண்டாவது அணியை மனத்தில் வைத்து எழுதப்பட்டதன்று. ஆயினும் 2017-ஆம் ஆண்டுப் பருவத்தில் வீரர்கள் தாங்களாகவே அதை உடைமாற்றும் அறைக்குள் கொண்டுவந்தார்கள். இவற்றில் எதை அணியின் பாட்டு என்று சொல்வது என்ற வாதத்தில் நானும் பங்கு கொண்டிருக்கிறேன். அந்த அனுபவத்தை இங்கே எழுதுகிறேன். மற்ற ஊர்களில் இருப்பவர்களும் தாங்கள் கண்டதை எழுத வேண்டுகிறேன்.

2018 ஜனவரி 21 அன்று, மின்னசோட்டா வைக்கிங்ஸ் அணியுடனான ஆட்டத்தைப் பார்க்கப் பக்கத்து வீட்டுப் பெரியவர் என்னையும் என் அலுவலக நண்பர் ஒருவரையும் அழைத்திருந்தார். பெரியவர் ஓய்வுபெற்ற மின்பணியாளர். 1960 டிசம்பர் 26 அன்று, ஒன்பது வயதுச் சிறுவனாகத் தந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு ஃபிராங்க்ளின் ஃபீல்டு மைதானத்துக்குப் போய், பட்டத்துக்கான இறுதி ஆட்டத்தில் கிரீன் பே பேக்கர்ஸை ஈகிள்ஸ் 17-13 என்று வென்றதை நேரில் கண்டவர். அதற்குப் பிறகு அந்த இரவு வரை ஐம்பத்தேழு ஆண்டுகளாக அணி மீண்டும் பட்டம் வெல்லவில்லை. என் நண்பரோ மீக் மில் வளர்ந்த வடக்கு ஃபிலடெல்ஃபியாவில் பிறந்து வளர்ந்த கறுப்பின இளைஞர். ஆட்டம் தொடங்கும் முன் அவர் தம் கைப்பேசியில் அந்த ராப் பாட்டைப் போட்டார். வாதம் அங்கேதான் தொடங்கியது.

பெரியவர் சத்தம் போடவில்லை, நிதானமாகவே மறுத்தார். அந்தப் பாட்டைத் தம் பேரக் குழந்தைகள் முன்னிலையில் பாட முடியாது என்றும், அணியைப் பற்றியோ ஆட்டத்தைப் பற்றியோ அதில் எதுவும் இல்லை என்றும், பாடியவர் சிறையில் இருக்கிறார் என்றும் சொன்னார். கடைசியாகச் சொன்னது என் நண்பரைச் சுட்டுவிட்டது. 2007-இல், இருபது வயதளவில் கைதான ஒரு வழக்கின் நன்னடத்தை நிபந்தனைகளை மீறினார் என்று, பத்து ஆண்டுகள் கழித்து, 2017 நவம்பரில் மீக் மில்லுக்கு இரண்டு முதல் நான்கு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்கப்பட்டிருந்தது. அது அளவுக்கு மீறிய தண்டனை என்று நகரத்தில் ஊர்வலமே நடந்திருந்தது. "எங்கள் தெருக்களில் இப்படி ஒரு பழைய வழக்கின் நிழலிலேயே இளமையைக் கழித்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்கள் விடியற்காலையில் எழுந்து ஈகிள்ஸ் ஆட்டத்துக்கு வருவதில்லையா? அவர்களுடைய பாட்டு மட்டும் ஏன் அரங்கத்துக்கு வெளியே நிற்க வேண்டும்?" என்று அவர் கேட்டார். பெரியவர் பதில் சொல்லவில்லை. ஆட்டம் தொடங்கிவிட்டது.

அன்று ஈகிள்ஸ் 38-7 என்று வென்றது. ஒவ்வொரு டச்டவுனுக்கும் நாங்கள் மூவரும் எழுந்து நின்று 'ஃப்ளை, ஈகிள்ஸ், ஃப்ளை' பாடினோம். என் நண்பர்தான் எல்லாரையும்விட உரக்கப் பாடினார். பழைய பாட்டை அவர் ஒருபோதும் வெறுத்ததில்லை. அதை மட்டுமே அணியின் பாட்டு என்று சொல்வதைத்தான் அவர் ஏற்கவில்லை.

எனக்கு முதற்பாட்டின் மீதுள்ள கடன் பெரியது. இந்த ஊருக்கு வந்த புதிதில், ஆட்ட விதிகள்கூடச் சரியாகப் புரியாத நிலையில் அரங்கத்துக்குப் போனேன். முதல் டச்டவுன் விழுந்ததும் பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒருவர் என் தோளில் கைபோட்டுப் பாட ஆரம்பித்தார். அது ஒரு நிமிடம்கூட நீளாத, நேரான மெட்டுள்ள, இரண்டு முறை கேட்டால் வாயில் ஒட்டிக்கொள்ளும் பாட்டு. மூன்றாவது டச்டவுனில் நானும் பாடினேன். வந்தேறியையும் ஐந்து வயதுக் குழந்தையையும் எண்பது வயது மூதாட்டியையும் ஒரே மூச்சில் சேர்த்துக்கொள்ளும் அந்த எளிமை ராப் பாட்டில் கிடையாது, இருக்கவும் முடியாது. 'ட்ரீம்ஸ் அண்ட் நைட்மேர்ஸ்' பியானோவின் மெல்லிய ஒலியில், கனவு கைகூடியதை வியந்து நிற்பவனின் குரலில் தொடங்குகிறது. பிறகு திடீரென்று தாளம் உடைந்து, குரல் உயர்ந்து, மூச்சுவிட இடமில்லாமல் பாய்கிறது. அந்தத் திருப்பம் வரும்வரை காத்திருந்து, சொல் பிசகாமல் ஆயிரக்கணக்கானோர் ஒன்றாகச் சொல்லும்போது உடம்பில் ஏறும் வேகம் வேறு வகையானது. அது மோதப் போகிறவனுக்கான பாட்டு; மற்றது மோதி வென்ற பிறகு ஊர் கூடிப் பாடுவது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெரியவர் போற்றும் அந்தப் பழைய பாட்டைப் பற்றித் தேடிப் படித்தபோது, 1960-களில் பித்தளை வாத்தியக் குழு வாசித்த அந்தப் பாட்டின் பெயர் 'ஃபைட், ஈகிள்ஸ், ஃபைட்' என்றும், இடையில் அது வழக்கொழிந்து போயிற்று என்றும், 1990-களில்தான் அணியின் வாத்தியக் குழு அதை மீட்டெடுத்துச் சொற்களைச் சற்று மாற்றி இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தது என்றும் தெரிந்துகொண்டேன். ஆகவே, நாம் இன்று பாடும் வடிவில் அது அவ்வளவு பழையதன்று. பெரியவரிடம் சொன்னேன். தாம் சிறுவயதில் கேட்ட மெட்டு இதுவே என்று உறுதியாகச் சொன்னார். மெட்டு அதுவேதான், அதை நானும் மறுக்கவில்லை.

2018 பிப்ரவரி 4, பட்டத்துக்கான இறுதி ஆட்டமான சூப்பர் பவுல், மினியாபொலிஸ். ஈகிள்ஸ் வீரர்கள் மைதானத்துக்குள் ஓடிவந்தபோது ஒலித்தது மீக் மில்லின் பாட்டு. பாடியவர் அப்போது பென்சில்வேனியாவில் சிறைக்குள் இருந்தார். என் நண்பர் சோபாவின் விளிம்பில் உட்கார்ந்து கண்ணீர் விட்டதைப் பெரியவரும் பார்த்தார். 41-33 என்று நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸை வென்ற பிறகு தெருவில் இறங்கினோம். ஒரு காரிலிருந்து ஒரு பாட்டும் அடுத்த காரிலிருந்து மற்றப் பாட்டும் கேட்டன.

மேடிசனில் படித்த உறுப்பினர்:

அண்ணா, உங்கள் பகிர்வைப் படித்ததும் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் கேம்ப் ராண்டல் அரங்கம் நினைவுக்கு வந்தது. அங்கே ஆட்டத்தின் நான்கு பகுதிகளில் மூன்றாம் குவார்ட்டருக்கும் நான்காம் குவார்ட்டருக்கும் இடையே 'ஜம்ப் அரவுண்ட்' என்ற ராப் பாட்டு ஒலிக்கும். 'ஹவுஸ் ஆஃப் பெயின்' குழு 1992-இல் வெளியிட்ட பாட்டு அது. லாஸ் ஏஞ்சலிஸ் குழுவான அவர்களுக்கும் விஸ்கான்சினுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. 1998 அக்டோபர் 10 அன்று, பர்டூ அணிக்கு எதிரான ஆட்டத்தில் முதன்முறையாகப் போட்டார்கள். அன்று பர்டூவின் ட்ரூ பிரீஸ் 83 முறை பந்தை எறிந்தும் விஸ்கான்சின் 31-24 என்று வென்றது. அதன்பின் அந்தப் பாட்டு நிலைத்துவிட்டது.

நான் சேர்ந்த முதல் இலையுதிர் காலத்தில், யாரும் முன்கூட்டிச் சொல்லாததால், பாட்டு தொடங்கியதும் மாணவர் பகுதி முழுவதும் குதிப்பதைக் கண்டு திகைத்து நின்றேன். காலடியில் கான்கிரீட் அதிர்வதை உள்ளங்காலால் உணர முடிந்தது. அந்த அதிர்வே ஒருமுறை சிக்கலானது. 2003 பருவத்தின் தொடக்கத்தில், அரங்கத்தில் கட்டுமான வேலை நடந்துகொண்டிருந்ததால், பாதுகாப்புக் கருதி நிர்வாகம் பாட்டை நிறுத்தியது. மாணவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். கட்டடம் தாங்கும் என்று தெளிவானதும் பாட்டு திரும்பி வந்தது. ஓர் ராப் பாட்டைக் காக்க மாணவர்கள் மனு எழுதியது எனக்கு இன்றும் நெகிழ்ச்சியளிக்கிறது.

என் ஆய்வுக்கூடத்தில் இருந்த மூத்த பணியாளர் ஒருவருக்கு இதில் வருத்தம் இருந்தது. இளைஞர்கள் 'ஜம்ப் அரவுண்ட்' முடிந்ததும் பாதிப் பேர் வெளியேறிவிடுகிறார்கள், ஆட்டம் முடிந்தபின் வாத்தியக் குழு மைதானத்தில் இறங்கி நடத்தும் 'ஐந்தாம் குவார்ட்டர்' நிகழ்ச்சிக்கு நிற்பதில்லை, பல்கலைக்கழக அணியின் பழைய பாட்டான 'ஆன், விஸ்கான்சின்!' பாட்டின் இரண்டாம் வரிகூட அவர்களுக்குத் தெரியாது என்று சொல்வார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. நானே இரண்டு முறை அப்படிக் கிளம்பிப் போயிருக்கிறேன், அது தவறு என்றே இப்போது நினைக்கிறேன். ஆனால் அந்த 'ஆன், விஸ்கான்சின்!' பாட்டின் பிறப்பும் கவனிக்கத்தக்கது. 1909-இல் வில்லியம் பர்டி அந்த மெட்டை அமைத்தது மின்னசோட்டா பல்கலைக்கழகம் அறிவித்திருந்த போட்டிக்காக. நண்பர் கார்ல் பெக் வற்புறுத்தி, விஸ்கான்சினுக்கென்று சொற்கள் எழுதித் திருப்பிவிட்டார். ஐம்பது ஆண்டுகளில், 1959-இல், அதுவே மாநிலப் பாட்டாயிற்று. எதிரணிக்குப் போக இருந்த மெட்டு மண்ணின் பாட்டாக முடியும் என்றால், லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து வந்த பாட்டை அயல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆஸ்டினில் வசிக்கும் உறுப்பினர்:

என் மகன் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் படித்தவன். ராப்பில் கெட்ட சொற்கள், பழைய பாட்டில் தூய்மை என்ற பிரிவினையைப் பற்றி மட்டும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். எங்கள் வீட்டில் அந்தப் பல்கலைக்கழகத்தின் பாட்டான 'தி ஐஸ் ஆஃப் டெக்சஸ்' பாடும்போது கையை உயர்த்தி இரண்டு விரல் காட்டாமல் யாரும் உட்கார மாட்டோம். 2020-ஆம் ஆண்டில்தான், 1903-இல் அந்தப் பாட்டு முதன்முதலில் அரங்கேறியது வெள்ளை மாணவர்கள் முகத்தில் கரிபூசிக் கறுப்பர்களைப் போல வேடமிட்ட ஒரு நிகழ்ச்சியில் என்று நானும் என் மகனும் அறிந்தோம். கறுப்பின வீரர்கள் பலர் அதற்கு மாற்றுப் பாட்டு கேட்டார்கள். பல்கலைக்கழகம் பாட்டு தொடரும் என்று அறிவித்தது. அந்த இலையுதிர் காலத்தில் வாசிக்கச் சம்மதிப்போர் போதாமல் வாத்தியக் குழு ஆட்டத்துக்கு வராத நாளும் உண்டு. சொற்களில் ஒரு தீயசொல்லும் இல்லாத பாட்டு அது. என் மகன் அதன்பின் பாடவில்லை. நான் பாடுகிறேன், ஆனால் முன்போல் கண்ணை மூடிக்கொண்டு பாட முடியவில்லை. ராப்பின் சொற்களைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள், தாங்கள் பாடுவது எந்த மேடையிலிருந்து வந்தது என்றும் கேட்டுப் பார்க்கலாம் அல்லவா?

ஃபிலடெல்ஃபியா அருகே வசிக்கும் உறுப்பினர்:

அம்மா, நீங்கள் எழுதியதைப் பெரியவருக்கு ஆங்கிலத்தில் படித்துச் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

நான் முன்பு எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. 2018 ஏப்ரல் 24 அன்று மீக் மில் விடுதலையாகி, ஹெலிகாப்டரில் நேரே கூடைப்பந்து அரங்கத்துக்கு வந்து, எங்கள் ஊர்க் கூடைப்பந்து அணியான செவன்ட்டிசிக்ஸர்ஸின் ஆட்டத்துக்கு முன் மணி அடித்துத் தொடங்கிவைத்தார். அன்றிரவு பெரியவர் தொலைபேசியில் அழைத்து, "உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள், அவருடைய பையன் வெளியே வந்துவிட்டான்" என்றார். சில நாள் கழித்து அந்தப் பாட்டின் சொற்களை அச்சிட்டுத் தரும்படி கேட்டார். கெட்ட சொற்களை நீக்காமலே கொடுத்தேன். பென்சிலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்து, புரியாத இடங்களுக்கு அடிக்கோடிட்டு, என் நண்பரை வீட்டுக்கு அழைத்துப் பொருள் கேட்டார். ஒன்றுமில்லாமல் கிடந்தவன் தான் கனவு கண்டதையெல்லாம் அடைந்த பின்பும் நம்பமுடியாமல் நிற்கும் அந்த முதற்பகுதி 1960-இல் தம் தந்தை அழுத நாளைப் போல இருக்கிறது என்றார். இரண்டாம் பகுதியின் பல வரிகளை ஏற்க முடியாது என்றும் அப்போதே சொல்லிவிட்டார். இன்றும் அதே நிலையில்தான் இருக்கிறார். அரங்கத்தில் அந்தப் பாட்டு ஒலிக்கும்போது அவர் பாடுவதில்லை, பியானோ ஒலிக்கும்வரை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்.