கலைச்சொல் வேண்டும்: ஸ்லோ குக்கர், புல்ட் போர்க்

அன்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்க வீட்டுச் சமையல் குறிப்புகளைத் தமிழில் எழுதும் வேலை நடக்கிறது. இப்போது கையில் இருப்பது புல்ட் போர்க். வட கரோலினா, டென்னசி பக்கங்களில் பன்றியின் தோள்கறியை ஹிக்கரி விறகுப் புகையில், 110 டிகிரி செல்சியஸ் அளவில், பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வைத்து, நார் நாராகப் பிரித்து, புளிப்பும் காரமுமான சாஸ் கலந்து, பன்னுக்குள் வைத்துத் தருவார்கள். புகையடுப்பு இல்லாத வீடுகளில் இதையே, மெல்லச் சூடேறிப் பல மணி நேரம் வேகவைக்கும் மின்கருவியான ஸ்லோ குக்கரில் செய்கிறார்கள். குறிப்பு இந்த வீட்டுமுறைக்குத்தான்.

இப்போதைக்கு வைத்திருக்கும் சொற்கள் இவை: ஸ்லோ குக்கர் – தாழ்வெப்பச் சமைகலன், புல்ட் போர்க் – பிய்த்த பன்றியிறைச்சி, ரப் – தடவுபொடி, பார்க் (கறியின் மேல் கருத்துக் கெட்டியாகும் படலம்) – பட்டை, கீப் வார்ம் (வெந்ததைச் சூடாக வைத்திருக்கும் குமிழ்நிலை) – வெதுவெதுப்பு நிலை. புகையில் வைக்கும்போது சூடு ஏறாமல் பல மணி நேரம் நின்றுவிடுமே, ஸ்டால் என்கிறார்களே, அதற்கும் ஒரு சொல் தேவை. அடுப்படியில் நின்று படிப்பவருக்குச் சட்டென்று விளங்க வேண்டும். அகராதிக்கு மட்டும் அழகாக இருக்கும் சொல் வேண்டாம்.

அன்புடன்,
ந.

———

மறு: கலைச்சொல் வேண்டும்

> ஸ்லோ குக்கர் – தாழ்வெப்பச் சமைகலன்

இந்தச் சொல் வேண்டாம் ஐயா. கருவி செய்யாத ஒன்றைச் செய்வதாகச் சொல்கிறது.

குமிழில் ‘லோ’, ‘ஹை’ என்று இருப்பதைப் பார்த்து, லோவில் வைத்தால் கடைசிவரை சூடு குறைவாகவே இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான மாடல்களில் இரண்டும் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான்: கொதிநிலைக்குச் சற்றுக் கீழே, ஏறத்தாழ 98 டிகிரி. அங்கே போய்ச்சேர எடுக்கும் நேரம்தான் வேறு. ஹையில் 3–4 மணி, லோவில் 7–8 மணி. சூட்டுக்கம்பி வெளிக்கூட்டின் சுவரைச் சுற்றி ஓடுகிறது. நடுவில் கனத்த பீங்கான் கலம். அது மெல்லச் சூடேறும், ஏறியபின் லேசில் ஆறாது. மூடியில் படியும் ஆவி நீராக விளிம்பில் வழிந்து, இடைவெளியை அடைத்துக்கொள்ளும். அதனால் உள்ளே இருக்கும் நீர் ஏறக்குறைய அப்படியே நிற்கும். வழியில் ஒருமுறை மூடியைத் தூக்கினால் இழந்த சூடு திரும்ப இருபது முப்பது நிமிடம் ஆகும்.

ஆகவே பெயரில் வர வேண்டியது நேரம். இந்தக் கருவியைக் கண்டுபிடித்த இர்விங் நாக்சனுக்கு 1940இல் காப்புரிமை கிடைத்ததும், பிறகு ரைவல் நிறுவனம் 1971இல் க்ராக்-பாட் என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்ததும் இந்த நீண்டநேர வேக்காட்டுக்காகத்தான்.

‘அரைவேக்காடு’ என்று எல்லாரும் சொல்கிறோம். வேக்காடு புழக்கத்தில் உள்ள சொல். அதிலிருந்து ‘நெடுவேக்காடு’ என்று முறைக்கும், ‘நெடுவேக்காட்டுக் கலன்’ என்று கருவிக்கும் வைக்கலாம். ‘நெடுவேவு கலன்’ இன்னும் சிறிதாக இருக்கும். ஆனால் வேவு என்றதும் ஒற்று நினைவுக்கு வரும், அதனால் தவிர்க்கலாம். தலைப்பிலும் பொருள் பட்டியலிலும் ‘ஸ்லோ குக்கர்’ என்றே இருக்கட்டும். வாங்கப் போகிறவர் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கேட்பார்.

மீ.

———

மறு: மறு: கலைச்சொல் வேண்டும்

நெடுவேக்காடு நல்ல சொல் அம்மா. அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

‘புல்ட்’ பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இந்தச் சமையலின் பதமே அந்த ஒரு வினையில் இருக்கிறது. தமிழில் மூன்று வினைகள் போட்டிக்கு வருகின்றன: பிய்த்தல், இழை பிரித்தல், உதிர்த்தல். மூன்றும் ஒரே கறியின் மூன்று நிலைகள். சட்டியில் நடப்பதை வைத்துப் பார்த்தால் எதை எடுப்பது என்பது தானாக விளங்கும்.

தோள்கறியில் தசை இழைகளைக் கட்டி வைத்திருப்பது கொலாஜன் என்ற இணைப்புத்திசு. 70 டிகிரிக்கு மேல் அது மெல்லக் கரைந்து ஜெலட்டினாக மாறத் தொடங்கும். கறியின் நடுப்பகுதி 90ஐத் தாண்டி, அந்தச் சூட்டில் சிறிது நேரம் நின்றால்தான் கட்டு முழுதாக விடும். அமெரிக்க வேளாண் துறை பன்றியின் முழுத்துண்டுக்குச் சொல்லும் 63 டிகிரியும் மூன்று நிமிட ஆறலும் சாப்பிடப் பாதுகாப்பான அளவு. அந்தச் சூட்டில் கறி வெந்திருக்கும், இழை பிரியாது.

82–85 டிகிரியில் எடுத்துப் பாருங்கள். முள்கரண்டி இறங்கும். ஆனால் கறி கட்டிக் கட்டியாக வரும், பலம் கொடுத்துப் பிய்க்க வேண்டியிருக்கும். 93–96 டிகிரியில் தோள்பட்டை எலும்பைப் பிடித்துத் திருகினால் அது சுத்தமாகக் கையோடு வந்துவிடும். இரண்டு முள்கரண்டியை எதிரெதிராக இழுத்தால் விரல் நீளத்துக்கு இழைகள் தாமாகப் பிரியும். ஒவ்வோர் இழையிலும் ஜெலட்டினின் பளபளப்பு தெரியும், விரலில் லேசாக ஒட்டும். அதற்கும் மேல் இரண்டு மூன்று மணி நேரம் விட்டால் இழையே அறுந்து, தொட்டால் உதிரும். வாயில் மாவு மாதிரி இருக்கும்.

பிய்க்க வேண்டியிருந்தால் வேகவில்லை. உதிர்ந்தால் மிஞ்சிவிட்டது. நமக்கு வேண்டியது நடுவில் இருப்பது. ஆகவே ‘இழைபிரித்த பன்றியிறைச்சி’. ‘பிய்த்த’ என்று தலைப்பில் போட்டால், பிய்க்க வந்ததுமே பதம் வந்துவிட்டது என்று அடுப்பை அணைத்துவிடுவார்கள். வீட்டில் இந்தச் சமையல் கெடுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

எந்தக் கறி என்பதிலும் சொல் கவனம் வேண்டும். ‘பட்’ என்ற பெயரைப் பார்த்துப் பின்பகுதி என்று எழுதிவிடக் கூடாது. பாஸ்டன் பட் என்பது முன்காலின் மேல்தோள். அதன் கீழே வருவது பிக்னிக், அதாவது கீழ்த்தோள். தோலும் மூட்டும் கூடுதல், கறி குறைவு. மேல்தோளே சிறந்தது. முதுகுக்கறியில் கொலாஜனும் கொழுப்பும் குறைவு. அதை எட்டு மணி நேரம் வைத்தால் சாற்றுக்குள் கிடந்தபடியே வறண்டுபோகும்.

அளவு: எலும்போடு 2 கிலோ மேல்தோள், 6 லிட்டர் கலன். உப்பு 30 கிராம், பழுப்புச் சர்க்கரை 40 கிராம், பாப்ரிக்கா 2 மேசைக்கரண்டி, மிளகுத்தூள் 1 மேசைக்கரண்டி, பூண்டுப்பொடி, வெங்காயப்பொடி, சீரகப்பொடி தலா 2 தேக்கரண்டி, மிளகாய்த்தூள் அரைத் தேக்கரண்டி. கடையில் வாங்கிய சாஸ் சேர்ப்பதானால் உப்பை 22 கிராமாகக் குறைக்க வேண்டும், அதில் ஏற்கெனவே உப்பு இருக்கிறது. முதல்நாள் இரவே பொடியைத் தடவிக் குளிர்பெட்டியில் வைத்தால் உப்பு உள்ளே இறங்கும். மேல்கொழுப்பை அரை சென்டிமீட்டர் அளவுக்குச் செதுக்கிவிட்டு, அந்தப் பக்கம் மேலே இருக்கும்படி கலத்தில் வைக்க வேண்டும். லோவில் 8–10 மணி, ஹையில் 5–6 மணி. இரண்டாக நறுக்கிப் போட்டால் ஒன்றரை மணி நேரம் வரை மிச்சமாகும். லோவே நல்லது: பதத்துக்கும் மிஞ்சுவதற்கும் இடையே கிடைக்கும் அவகாசம் அதில் அதிகம்.

தெர்மாமீட்டர் முனை எலும்பில் படக் கூடாது. பட்டால் காட்டும் அளவை நம்ப முடியாது.

இ.

———

மறு: மறு: மறு: கலைச்சொல் வேண்டும்

நெடுவேக்காடு, இழைபிரித்த பன்றியிறைச்சி இரண்டையும் குறிப்பில் ஏற்றிவிட்டேன். ‘தடவுபொடி’க்கு யாரும் மறுப்புச் சொல்லாததால் அதுவும் இருக்கும்.

‘பார்க்’ குறித்து: பட்டை என்றால் படிப்பவர் மசாலாப் பட்டையை எடுத்துப் போட்டுவிடுவார். ‘பொருக்கு’ பொருத்தமாகப் படுகிறது. மரத்தின் மேல்தோலும் பொருக்குத்தான், காய்ந்து கெட்டியான மேற்படலமும் பொருக்குத்தான். ஆனால் ஸ்லோ குக்கரில் பொருக்கு கட்டாதே? குறிப்பில் அந்தச் சொல்லே வேண்டாமா? கலத்தில் எவ்வளவு நீர் ஊற்றுவது என்பதிலும் குறிப்புக்குக் குறிப்பு வேறுபாடு இருக்கிறது.

ந.

———

மறு: மறு: மறு: மறு: கலைச்சொல் வேண்டும்

பொருக்கு வேண்டும் ஐயா, கடைசிப் படிக்கு.

புகையடுப்பில் கறியின் மேற்பரப்பு காய்ந்துகொண்டே இருப்பதால் பொடியும் சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்து கருத்துக் கெட்டியாகிவிடும். கலத்துக்குள் எப்போதும் ஈரம், அதனால் அது நடக்காது. இழை பிரித்த கறியைத் தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி, ஒரு குழிக்கரண்டிச் சாறு தெளித்து, ஓவனில் மேல்சூட்டுக்கு நேர்கீழே 5–8 நிமிடம் வைத்தால் முனைகள் முறுகும். பாதியில் ஒருமுறை புரட்ட வேண்டும். அந்த முறுகல்தான் வீட்டுமுறையில் பொருக்கு. முழு ஈடு என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்தப் படியை விட்டால் கறி குழம்பிலிருந்து எடுத்தது போலவே இருக்கும்.

ஸ்டாலுக்குத் ‘தேக்கம்’ போதும். கறியின் சூடு 65–75 டிகிரிக்குள் வரும்போது மேற்பரப்பின் ஈரம் ஆவியாகி, கிடைக்கும் சூட்டை எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. தெர்மாமீட்டர் முள் நகராமல் நிற்கிறது. மூடிய கலத்தில் ஆவி வெளியேற வழியில்லை, ஆகவே தேக்கம் அங்கே தெரியாது. குறிப்பில் ஒரு வரியாக இதைச் சொல்லிவிட்டால், புகையடுப்புக் கணக்கை வைத்து நேரத்தைக் கூட்டிப் போடுபவர்கள் தப்பிப்பார்கள்.

நீர்: ஆப்பிள் சிடர் வினிகரும் தண்ணீரும் சேர்ந்து 120 மில்லி போதும். கறியே கால் லிட்டருக்கு மேல் சாறு விடும். கறி மூழ்க ஊற்றினால் சுவை நீருக்குப் போய்விடும், கறி சப்பென்று ஆகும். வெந்தபின் சாற்றை வடித்துக் கால் மணி நேரம் தெளியவிட்டால் கொழுப்பு மேலே வரும். அதை எடுத்துவிட்டு, மீதியைத் திறந்த பாத்திரத்தில் பாதியாகச் சுண்டவைத்து, கறியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்ட வேண்டாம், சுண்டச் சுண்ட உப்பும் ஏறியிருக்கும்.

இ.

———

மறு: கலைச்சொல் வேண்டும் – ‘வெதுவெதுப்பு நிலை’ பற்றி

இதை யாரும் இன்னும் எடுக்கவில்லை. எனக்கு இதுதான் மிக முக்கியமாகப் படுகிறது.

> கீப் வார்ம் – வெதுவெதுப்பு நிலை

வெதுவெதுப்பு என்றால் நமக்குக் குழந்தையைக் குளிப்பாட்டும் நீரின் சூடு. சமைத்த கறி அந்தச் சூட்டில் இருக்கவே கூடாது. 4 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையே பாக்டீரியா வேகமாகப் பெருகும். கீப் வார்மின் வேலையே கறியை 60க்கு மேல் நிறுத்தி வைப்பது. ‘சூடுகாப்பு நிலை’ என்று எழுதுங்கள். கூடவே, அது வேகவைக்கும் நிலை அல்ல என்ற எச்சரிக்கையும் வேண்டும். பச்சைக்கறியைச் சூடுகாப்பில் வைத்துவிட்டு வேலைக்குப் போகக் கூடாது. பதம் வந்த கறியையும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அதில் விடாமல் இருப்பது நல்லது, இழை உதிரத் தொடங்கும்.

இதே காரணத்தால் உறைந்த கறியை நேராகப் போடக் கூடாது. நெடுவேக்காட்டில் சூடு ஏறுவதே மெதுவாக. நடுவில் பனிக்கட்டி இருந்தால் அந்த ஆபத்தான இடைவெளியைக் கடக்கப் பல மணி நேரம் ஆகிவிடும். முழுதாக உருகியபின் போட வேண்டும். கலம் பாதிக்குக் குறையாமல், மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்படாமல் நிறைந்திருக்க வேண்டும். குறைந்தால் கறி சீக்கிரம் மிஞ்சிவிடும், நிறைந்தால் சூடேறத் தாமதமாகும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பீங்கான் கலத்தைச் சூடான கூட்டில் இறக்கினால் விரிசல் விழும்.

மீ.

———

மறு: மறு: கலைச்சொல் வேண்டும் – ‘சூடுகாப்பு’

அம்மா சொன்ன சூடுகாப்பும் எச்சரிக்கையும் குறிப்பில் சேர்ந்தாயிற்று.

பார்பிக்யூ என்ற சொல்லைத் தமிழாக்க வேண்டுமா என்று தனிமடலில் ஒருவர் கேட்டார். ‘சுட்டிறைச்சி’ என்கிறார். சுடுதல் என்றால் நேர் அனல். இங்கே கறி அனலைப் பார்ப்பதே இல்லை, பார்பிக்யூச் சுவை பொடியிலிருந்தும் சாஸிலிருந்தும் மட்டும் வருகிறது. வேறு கருத்து உண்டா?

ந.

———

மறு: பார்பிக்யூ

பார்பிக்யூ அப்படியே இருக்கட்டும் ஐயா. அந்தப் பெயர் வட்டாரத்துக்கு வட்டாரம் வேறு சாஸைக் குறிக்கிறது. கிழக்கு வட கரோலினாவில் வினிகரும் மிளகாயும் மட்டும். அதே மாநிலத்தின் லெக்சிங்டன் பக்கம் அதில் கொஞ்சம் கெச்சப். தென் கரோலினாவில் கடுகு சாஸ். கன்சாஸ் சிட்டியில் தக்காளியும் வெல்லப்பாகும் சேர்ந்த கெட்டி இனிப்பு. ‘சுட்டிறைச்சிச் சாஸ்’ என்றால் இவற்றில் எது என்று யாருக்கும் தெரியாது.

குறிப்பில் கொடுக்க எளிது கிழக்கு முறைதான்: சிடர் வினிகர் 240 மில்லி, பழுப்புச் சர்க்கரை 1 மேசைக்கரண்டி, மிளகாய்ச் செதில் 2 தேக்கரண்டி, மிளகுத்தூள் 1 தேக்கரண்டி, உப்பு 1 தேக்கரண்டி. சர்க்கரை கரையும்வரை சூடாக்கினால் போதும். 2 கிலோ எலும்புக்கறி வெந்தபின் ஏறத்தாழ ஒரு கிலோ இழை தரும். அதற்கு இந்தச் சாஸில் பாதியைக் கலந்து, மீதியைத் தனியே வைக்கலாம்.

எந்தச் சாஸானாலும் இழை பிரித்தபின்தான் சேர்க்க வேண்டும். இனிப்புச் சாஸை முதலிலேயே ஊற்றினால் எட்டு மணி நேரத்தில் கலத்தின் சுவரோரம் கருகிக் கசக்கும், நடுவில் சாற்றோடு கலந்து நீர்த்துப்போகும். புகைமணம் வேண்டுமென்றால் லிக்விட் ஸ்மோக் அரைத் தேக்கரண்டி, அதற்கு மேல் மருந்து வாடை அடிக்கும். அதைத் தமிழில் ‘புகைச்சாறு’ என்கலாம். புகையை நீரில் படியவைத்து எடுப்பதுதானே அது.

மிஞ்சிய கறியை இரண்டு மணி நேரத்துக்குள் ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்து, அதன் சாற்றோடு குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். மூன்று நான்கு நாள் தாங்கும். திரும்பச் சூடாக்குவது அடுப்பில், 74 டிகிரி வரை. ஸ்லோ குக்கரில் ஆறிய கறியைச் சூடாக்கக் கூடாது என்பதையும் மீ. அம்மா சொன்ன எச்சரிக்கைக்குப் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள்.

இ.