ஊர் வைஃபை வலையமைப்பு ஆய்வு: யாரோடு சேர்வது?

கண்டனூர்க்காரி:
காரைக்குடியில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ஆத்தங்குடிப் பக்கம் ஊர்மக்களே நடத்தும் வைஃபை வலையமைப்பு ஒன்றை அமைத்து, அதையே ஆய்வாக்க ஆசை. கணினி ஆட்கள் கிடைக்கிறார்கள், சமூகப் பக்கம் யாரைப் பிடிப்பது?

ஆன்டெனா அண்ணன்:
அழகப்பா பல்கலைக்கழகத்திலேயே சமூகப்பணித் துறை இருக்கிறதே! அப்புறம் தென்னாப்பிரிக்காவின் மன்கோசி ஊரில் நடக்கும் சென்செலேனி என்ற ஊர் வலையமைப்பைப் பற்றிப் படியுங்கள். வெஸ்டர்ன் கேப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் துணை நின்றார்கள், ஆனால் வலையமைப்பு ஊர்க்காரர்களின் கூட்டுறவுச் சங்கத்துக்குத்தான் சொந்தம். ஊராரைக் கேள்வித்தாள் நிரப்ப மட்டும் கூப்பிட்டால் ஆறு மாதத்தில் ரவுட்டர் தூசி படிந்து கிடக்கும்.

பள்ளத்தூரான்:
உரிமம் பற்றிப் பயம் வேண்டாம். 2020இல் வந்த பிஎம்-வாணி என்ற மத்திய அரசின் பொது வைஃபை திட்டத்தில் டீக்கடைக்காரர்கூட உரிமமில்லாமல் வைஃபை கொடுக்கலாம். நம்மூரில் சிக்கல் வேறு: ஆன்டெனா வைக்க உயரமான மாடி வேண்டுமென்றால் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகள்தான், அதில் ஒரு கம்பம் நட சென்னை, சிங்கப்பூர் என்று சிதறியிருக்கும் பங்காளிகள் அத்தனை பேரும் சரி என்று சொல்ல வேண்டும்.

கண்டனூர்க்காரி:
ஐயோ, அதுவே தனி ஆய்வு! சரி, முதலில் சமூகப்பணித் துறையில் பேசிப் பார்க்கிறேன் அண்ணே.