‘ஷுட் கேன்’ ஏன் தப்பு? மோடல் வெர்ப்புக்குப் பின்னால் என்ன வரும்?

எழுத்தாணி77:
கேன், மஸ்ட், ஷுட் போன்ற மோடல் வெர்ப்புக்கு அடுத்து வி1 (‘கோ’ போன்ற மூல வடிவம்) வரும் என்ற விதி தெரியும். ஆனாலும் எழுதும்போது மூன்று இடத்தில் இடறுகிறது.

ஒன்று, ‘ஹி மஸ்ட் டு கோ’ தப்பு, ‘ஹி ஆட் டு கோ’ சரி. ஏன்?
இரண்டு, “அவரால் இதைத் தனியாகச் செய்ய முடிய வேண்டும்” என்பதை ‘ஹி ஷுட் கேன் டூ திஸ் அலோன்’ என்று எழுதினால் தப்பு என்கிறார்கள். வேறு எப்படி எழுதுவது?
மூன்று, ‘ஷுட் ஹேவ் கான்’ சரியாம். வி1 தானே வர வேண்டும்? கோ, வென்ட், கான் என்ற வரிசையில் கான் வி3 ஆயிற்றே!

வினைத்தொகை:
மூன்றாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அது புரிந்தால் பாதி வேலை முடிந்தது. ‘ஷுட் ஹேவ் கான்’ என்பதில் வி1 விதி மீறப்படவே இல்லை. ஷுட்டுக்கு அடுத்து நிற்பது கான் அல்ல, ஹேவ். அது வி1 தான். கானை வி3 ஆக்கியது ஷுட் இல்லை, ஹேவ். ஒவ்வொரு துணைவினையும் தனக்கு அடுத்த வினையின் வடிவத்தை மட்டும்தான் தீர்மானிக்கும், அதற்கு அப்பால் எட்டாது.

மோடல் கேட்பது வி1. ஹேவ் கேட்பது வி3. ‘நடந்துகொண்டிருக்கிறது’ என்ற பொருளில் வரும் பி (இஸ், வாஸ், பீன் ஆகியவற்றின் மூல வடிவம்) கேட்பது இங் (‘கோயிங்’ போன்ற வடிவம்). செயப்பாட்டு வினைக்கு வரும் பி கேட்பது வி3. வரிசையும் இதேதான், மாறாது: மோடல், ஹேவ், இங் கேட்கும் பி, வி3 கேட்கும் பி, கடைசியில் முதன்மை வினை. வேண்டாததை விட்டுவிடலாம், இடம் மாற்றக் கூடாது.

‘திஸ் ஷுட் ஹேவ் பீன் டன்’ என்பதைப் பிரித்துப் பாருங்கள். ஷுட் கேட்டதால் ஹேவ், ஹேவ் கேட்டதால் பி என்பது பீன் ஆனது, பீன் கேட்டதால் டூ என்பது டன் ஆனது. ‘ஷுட் ஹேஸ்’ என்று ஒருபோதும் வராததும் இதனால்தான். எழுவாய் ஷி ஆனாலும் ‘ஷி ஷுட் ஹேவ்’ தான்.

பேச்சில் ‘ஷுட் ஹேவ்’ தேய்ந்து ‘ஷுடவ்’ என்று ஒலிக்கும். அதைக் கேட்டு ‘ஷுட் ஆஃப்’ என்று எழுதும் பழக்கம் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களிடமும் உண்டு. அங்கே இருப்பது ஹேவ், ஆஃப் அல்ல.

பின்னொட்டு:
இரண்டாவது கேள்வியில் உங்களைத் தடுக்கி விடுவது தமிழ்தான். தமிழில் ‘முடிய வேண்டும்’ என்று இரண்டை அடுக்கலாம், ஏனென்றால் ‘முடி’ என்பதற்கு ‘முடிய’ என்ற எச்ச வடிவம் இருக்கிறது. கேன், மஸ்ட், வில் போன்றவற்றுக்கு வி1 வடிவம் என்று ஒன்று இன்றைய ஆங்கிலத்தில் இல்லை. ஷுட் வி1 கேட்கிறது, கேன் அதைத் தர முடியாது. அதனால் மாற்று ஆள் வருகிறது: கேனுக்கு ‘பி ஏபிள் டு’, மஸ்ட்டுக்கு ‘ஹேவ் டு’. உங்கள் வாக்கியம் ‘ஹி ஷுட் பி ஏபிள் டு டூ திஸ் அலோன்’. அதே மாதிரி ‘வில் மஸ்ட்’ இல்லை, ‘வில் ஹேவ் டு’. (ஸ்காட்லாந்திலும் அமெரிக்காவின் தென்பகுதியிலும் ‘மைட் குட்’ என்று பேசுகிறவர்கள் உண்டு. அது வட்டார வழக்கு, தேர்வில் எழுதிவிடாதீர்கள்.)

ஆனால் தமிழ் உதவும் இடமும் ஒன்று உண்டு. நான் போக வேண்டும், அவள் போக வேண்டும், அவர்கள் போக வேண்டும்: ‘வேண்டும்’ மாறுகிறதா? மஸ்ட்டும் அப்படித்தான். ‘ஷி கேன்ஸ்’, ‘ஷி கேன் ஸ்விம்ஸ்’ இரண்டுமே வராது.

முதல் கேள்விக்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. மோடல்கள் டு இல்லாமல் வரும், ஆட் மட்டும் பழைய டுவை விடாமல் வைத்திருக்கிறது. நீட் இரண்டு பக்கமும் ஆடும்: ‘ஷி நீட் நாட் கோ’ என்றால் மோடல், ‘ஷி நீட்ஸ் டு கோ’ என்றால் சாதாரண வினை. கலந்து ‘ஷி நீட்ஸ் நாட் கோ’ என்று எழுதினால் தப்பு.

எழுத்தாணி77:
நன்றி. அப்படியானால் “அவர் நேற்றே போயிருக்க வேண்டும்” என்பது ‘மஸ்ட் ஹேவ் கான்’ தானே?

வினைத்தொகை:
அவசரப்படாதீர்கள், அந்தத் தமிழ் வாக்கியத்துக்கு இரண்டு பொருள். வண்டியைக் காணோம், போயிருப்பார் என்ற ஊகம் என்றால் ‘மஸ்ட் ஹேவ் கான்’. போயிருக்க வேண்டியவர், போகவில்லை என்ற குறை என்றால் ‘ஷுட் ஹேவ் கான்’. “போக வேண்டியிருந்தது” என்ற கட்டாயம் இன்னொன்று, அது ‘ஹேட் டு கோ’.

‘போயிருக்கலாம்’ என்பதும் இப்படித்தான். ஊகத்துக்கு ‘மே ஹேவ் கான்’, வாய்ப்பு இருந்தும் போகவில்லை என்பதற்கு ‘குட் ஹேவ் கான்’. ‘போயிருக்க முடியாது’ என்ற ஊகத்துக்கு ‘கான்ட் ஹேவ் கான்’. ஆனால் இதன் உடன்பாட்டில் ‘கேன் ஹேவ் கான்’ என்று சொல்வதில்லை.

எதிர்மறையில் கவனம் தேவை. ‘போகக் கூடாது’ என்றால் ‘மஸ்ட் நாட் கோ’. ‘போக வேண்டியதில்லை’ என்றால் ‘டஸ் நாட் ஹேவ் டு கோ’. இந்த இரண்டையும் மாற்றி எழுதினால் பொருள் தலைகீழாகிவிடும்.

எழுத்தாணி77:
சரிபாருங்கள். “ஃபைல் அழிந்திருக்க வேண்டும்”: ‘தி ஃபைல் மஸ்ட் ஹேவ் டெலீட்டட்’.

பின்னொட்டு:
ஒரு பீன் குறைகிறது. தமிழில் அழிந்தது, அழித்தது என்று தன்வினை, பிறவினைக்குத் தனித்தனிச் சொல் இருக்கிறது. டெலீட் எப்போதும் ‘அழித்தல்’ தான், ஃபைல் தானாக எதையும் அழிக்காது. ‘மஸ்ட் ஹேவ் பீன் டெலீட்டட்’ என்று எழுதுங்கள். ‘டிஸப்பியர்’ என்ற சொல்லைப் போட்டிருந்தால் பீன் தேவைப்பட்டிருக்காது.