ஃபீடரில் ஹம்மிங்பேர்டு: ஷட்டர் 1/2000 வைத்தும் இறக்கை கலங்குகிறது, கழுத்து கறுப்பாக விழுகிறது

கேள்வி:
இடம் ஹூஸ்டன், வீட்டின் பின்புறத் திண்ணை நிழலில் ஃபீடர் (பறவை குடிக்கச் சர்க்கரைத் தண்ணீர் வைக்கும் கலம்). செப்டம்பர் வலசை என்பதால் ரூபி த்ரோட்டட் (ஆணுக்குக் கழுத்து சிவந்த ஹம்மிங்பேர்டு வகை) நிறைய வருகிறது. ஃபுல் ஃப்ரேம் கேமரா, 100-400 லென்ஸ், 2 மீட்டர் தூரம். 400 மிமீ, அபெர்ச்சர் எஃப்/6.3, ஷட்டர் 1/2000 நொடி, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 1600. ஃபீடருக்குப் பக்கவாட்டில் ஸ்டாண்டில் ஒரு ஃப்ளாஷ், டிடிஎல் (திறனைக் கேமராவே முடிவு செய்யும் முறை), ஹைஸ்பீட் சிங்க் (வேகமான ஷட்டரிலும் ஃப்ளாஷ் அடிக்கவைக்கும் முறை). உடம்பு ஓரளவு தெளிவு; இறக்கை வெறும் புகைதான். சிவக்க வேண்டிய கழுத்து கரியாக இருக்கிறது. ஃபோகஸ் அடிக்கடி ஃபீடருக்கே ஓடுகிறது. ஷட்டரை இன்னும் ஏற்றலாமா?

பதில் 1:
ஏற்றாதீங்க, இறக்குங்க. இறக்கை நொடிக்கு 50 தடவை அடிக்கிறது. 1/2000 நொடிக்குள் நுனி அரை சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். ஹைஸ்பீட் சிங்க்கில் ஃப்ளாஷ் ஒரே வெட்டாக அடிக்காது. ஷட்டர் பிளவு சென்சாரைக் கடந்து முடிக்கும் வரை சின்னச் சின்னதாக அடித்துக்கொண்டே இருக்கும், அதனால் அசைவை நிறுத்தும் வேலையை அது செய்யவே செய்யாது.

ஹைஸ்பீட் சிங்க்கை அணைத்து, மேனுவலுக்கு மாறி ஷட்டர் 1/200, எஃப்/16, ஐஎஸ்ஓ 200, ஃப்ளாஷ் முழுத் திறனில் 1/32 பங்கு. பல கையடக்க ஃப்ளாஷ்களில் அந்தத் திறனில் ஒளி 1/15000 நொடிக்குப் பக்கத்தில் முடிந்துவிடும். இறக்கையை உறையவைப்பது அதுதான். திறன் குறைவதால் ஃப்ளாஷை ஃபீடருக்கு அரை மீட்டர் வரை நெருக்கி வையுங்கள். சில ஸ்டுடியோ ஸ்ட்ரோப்களில் (பெரிய ஃப்ளாஷ் விளக்குகளில்) திறனைக் குறைத்தால் ஒளி நேரம் நீளும், ஆகவே அதை இரவல் வாங்கிவராதீர்கள்.

பதில் 2:
இவ்வளவு எதற்கு? வெயிலில் 1/4000 போதும். இறக்கை கொஞ்சம் கலங்கினால்தான் பறவைக்கு உயிர் இருக்கும்.

பதில் 1:
ரசனை உங்களுடையது. அவர் கேட்டது கூர்மையான இறக்கை.

கேட்டவர்:
மாற்றிவிட்டேன். இறக்கை இப்போது கூர்மை, ஆனால் அதைச் சுற்றி ஆவி மாதிரி இன்னொரு இறக்கை தெரிகிறது. பின்னணியும் நள்ளிரவு போல இருண்டுவிட்டது.

பதில் 3:
அந்த ஆவி, வெளி வெளிச்சம் தனியாக எடுத்த இரண்டாவது படம். ஃப்ளாஷை அணைத்துவிட்டு அதே அமைப்பில் ஒன்று எடுங்கள்: படம் ஏறக்குறைய முழுக் கறுப்பாக வர வேண்டும். ஏதாவது தெரிந்தால் ஃபீடரை இன்னும் அடர்ந்த நிழலுக்கு நகர்த்துங்கள். ஒரு குடை பிடித்தாலும் சரி. பின்னணி இருள்வது, வெளி வெளிச்சம் அங்கே போதாமல் ஃப்ளாஷும் அவ்வளவு தூரம் எட்டாததால்தான். ஒரு மீட்டர் பின்னால் மங்கலான பச்சை அச்சடித்த மேட் அட்டை வைத்து, அதற்கென்று தனி ஃப்ளாஷ் கொடுங்கள். பளபளப்புத் தாள் வேண்டாம், ஒளி திட்டாகத் திரும்பும்.

கழுத்துச் சிவப்பு சாயம் அல்ல, இறகின் நுண்ணமைப்பு ஒளியைத் திருப்பும் விதம். ஒளியும் லென்ஸும் கிட்டத்தட்ட ஒரே திசையில் இருந்தால்தான் பற்றி எரியும். பக்கவாட்டு ஃப்ளாஷில் கரிதான். ஒரு ஃப்ளாஷை லென்ஸ் திசையிலேயே, சற்று மேலே, கேமராவுக்கு முன்னால் நிறுத்துங்கள். கழுத்து வெள்ளையாகவே இருந்தால் அது பெட்டை அல்லது குஞ்சு. இந்த மாதத்தில் ஃபீடருக்கு வருவதில் பெரும்பாலும் அவைதான். வளர்ந்த ஆண்கள் முன்னதாகவே கிளம்பிவிடும்.

பதில் 4:
ஃபோகஸுக்கு: ஃபீடரில் குடிக்கும் துளை ஒன்றை மட்டும் விட்டு மற்றவற்றை டேப்பால் மூடுங்கள், உட்காரும் கம்பியைக் கழற்றுங்கள். பறவை ஒரு வாய் குடித்துவிட்டுப் பின்வாங்கி அந்தரத்தில் நிற்கும், பிறகு மறுபடி வரும். அது நிற்கும் இடத்தை இரண்டு மூன்று முறை கவனித்து, அங்கே ஒரு குச்சியைப் பிடித்து மேனுவலாக ஃபோகஸ் செய்து பூட்டுங்கள். எஃப்/16-லும் கூர்மை ஆழம் (முன்பின்னாகக் கூர்மையாகத் தெரியும் அளவு) இரண்டரை சென்டிமீட்டருக்குள்தான், ஆகவே பறவை உங்களுக்குக் குறுக்காக வரும்படி துளையைத் திருப்புங்கள். எலக்ட்ரானிக் ஷட்டர் வேண்டாம். பெரும்பாலான கேமராக்களில் அதில் ஃப்ளாஷே அடிக்காது.

ஃபீடரில் ஊற்ற, ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரைக்கு நான்கு பங்கு தண்ணீர். சிவப்புச் சாயமும் தேனும் கூடாது. ஹூஸ்டன் சூட்டில் இரண்டு நாளுக்கு ஒருமுறை கழுவி மாற்றுங்கள். ஒரு ஆண் மற்றதையெல்லாம் துரத்தினால், அதன் கண்ணில் படாத வீட்டு மறுபக்கத்தில் இன்னொரு ஃபீடர் தொங்கவிடுங்கள்.