புதுப்பிப்பு: வாசல் மதகு மூடிக்குக் கொங்கிரீட் விரைவாகப் பலப்பட வழி

காலபோக உழவுக்கு முன் உழவு இயந்திரம் வளவுக்குள் ஏற வேண்டும், வாசல் மதகு மூடியின் கொங்கிரீட் சீக்கிரம் பலப்பட என்ன வழி என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. மூடி போட்டாயிற்று.

கைகொடுத்தது தண்ணீரைக் குறைத்ததுதான்; தண்ணீர் குறைந்தால் கொங்கிரீட்டின் பலம் கூடும். மேசன் அண்ணை வழக்கம்போல வாளி வாளியாக ஊற்றத்தான் பார்த்தார். கலவை இளகினால் அவருக்கு வேலை சுகம், குறை சொல்ல முடியாது. 50 கிலோ சீமெந்துக்கு 20 லீற்றர் என்று அளந்து, தண்ணீர் கூட்டாமலே கலவையை இளக்கும் மருந்து கொஞ்சம் சேர்த்தோம். ஈர மணலில் இருக்கும் தண்ணீரும் அந்த 20 லீற்றருக்குள் அடங்க வேண்டும், அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கல்சியம் குளோரைட்டு போடச் சொன்னவர்களுக்கு: வேகமாக இறுகும், உண்மைதான். ஆனால் உள்ளே கம்பி இருக்கிறதே! குளோரைட்டு அதைத் துருப்பிடிக்க வைக்கும். உவர்த் தண்ணீரிலும் குளோரைட்டு இருக்கிறது, அதனால்தான் பூநகரிப் பக்கத்து உவர்க் கிணற்றுத் தண்ணீரிலும் குழைக்காதீர்கள் என்கிறேன். அவசரமென்றால் குளோரைட்டு இல்லாமல் இறுக வைக்கும் கல்சியம் நைத்திரேற்று வகை மருந்து இருக்கிறது, விலைதான் கூட.

நீராவியால் சூடேற்றிச் சீக்கிரம் பலப்படுத்தலாம் என்று சிலர் சொன்ன யோசனை தொழிற்சாலைக்குச் சரி. வன்னி வெயிலில் சூட்டுக்கா பஞ்சம்? காய விடாமல் சாக்குப் போட்டு நனைத்தபடியே வைத்தோம். சாதாரண சீமெந்து 7 நாளில் 28 நாளில் எட்டும் பலத்தின் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை எட்டும். அதற்குப் பிறகே வெறும் இயந்திரத்தை ஏற்றினோம். விதைநெல் மூடைகளோடு பெட்டி பூட்டி ஏற்றுவது 28 நாள் கழிந்த பிறகுதான், அப்பா எவ்வளவு அவசரப்பட்டாலும்.