இங்க்ஸ்கேப்பில் கண்டக்டர் கதாபாத்திரம்: கோடு நெளிகிறது, ஆள் விறைப்பாக நிற்கிறார். உதவி தேவை

விஸ்காம் மாணவன்:
வணக்கம். விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கதாபாத்திர வடிவமைப்புப் பாடத்துக்கு டவுன் பஸ் கண்டக்டர் ஒருவரை எடுத்துக்கொண்டேன். பென்சிலில் வரைந்ததை போனில் படம் பிடித்து, இங்க்ஸ்கேப் 1.3 என்ற வரைகலை மென்பொருளில் வைத்து, அதன் மேலேயே மௌஸால் பென்சில் டூலில் வரைந்தேன். நேரம் மிச்சமாகட்டும் என்று இடது பாதியை மட்டும் வரைந்து, நகலெடுத்துத் திருப்பி ஒட்டியிருக்கிறேன். படம் இணைப்பில்.

கன்னம், தோள், தொப்பை என்று வளைவு வரும் இடமெல்லாம் கோடு நெளிகிறது. சட்டைக்கு மட்டும் 300-க்கு மேல் நோடு (கோட்டைப் பிடித்து வளைக்கும் புள்ளி) காட்டுகிறது. ஒன்றை இழுத்தால் பக்கத்தில் இன்னொன்று புடைக்கிறது. ஆளைச் சின்னதாக்கினால் கோடு மட்டும் பழைய தடிமனிலேயே நிற்கிறது, முகமே கறுத்துப்போகிறது. இதெல்லாம் போக, சார் பார்த்துவிட்டு "சுத்தமா இருக்கு, ஆனா ஆள் உயிரோட இல்லையே" என்றார். அதற்கு எதைத் திருத்துவதென்றே புரியவில்லை.

பேனாவால் வரையும் டேப்லெட் வாங்கினால்தான் சரியாகுமா?

வேகவிரல்:
ட்ரேஸ் பிட்மேப் போடுங்கள் ப்ரோ, படத்தைப் பார்த்து மென்பொருளே வரைந்து கொடுக்கும். படத்தைத் தேர்ந்தெடுத்து ஷிஃப்ட் + ஆல்ட் + B. ஒரு நிமிட வேலை.

வளைகோடு:
வேண்டாம் தம்பி, இருக்கிற தலைவலி இரண்டாகும். சாதாரண ட்ரேஸ், பென்சில் கோட்டைக் கோடாகப் பார்க்காது. கோட்டின் இரண்டு விளிம்பையும் பிடித்து நடுவில் கறுப்பு நிரப்பிக் கொடுக்கும். பிறகு தடிமனை மாற்ற நினைத்தால் முடியாது. நடுக்கோட்டை மட்டும் எடுக்கும் வசதியும் அந்தப் பெட்டிக்குள்ளேயே உண்டு, ஆனால் போனில் எடுத்த படத்தில் நிழலும் காகிதத்தின் சொரசொரப்பும் சேர்ந்து வரும். அதைத் துடைக்கிற நேரத்தில் புதிதாகவே வரைந்துவிடலாம்.

நெளிவுக்குக் காரணம் நோடுகளின் கூட்டம்தான். மௌஸை இழுக்கும்போது கை நடுங்கும், பென்சில் டூல் ஒவ்வொரு நடுக்கத்தையும் பதிந்து வைக்கும். ஒரு சோதனை செய்து பாருங்கள். வட்டம் ஒன்று போட்டு, ஷிஃப்ட் + கன்ட்ரோல் + சி அழுத்திப் பாத்தாக (நோடுகளால் ஆன கோடாக) மாற்றி, நோட் டூலில் திறங்கள். நாலே நோடு. மேல், கீழ், இடம், வலம். நோடிலிருந்து நீளும் ஹேண்டில் (வளைவைக் கூட்டிக் குறைக்கும் பிடி) ஒவ்வொன்றும் ஆரத்தில் சுமார் 0.55 பங்கு நீளம். முழு வட்டத்துக்கே நாலு போதுமென்றால் ஒரு தொப்பைக்கு எத்தனை வேண்டும்?

ஆகவே பென்சில் டூலை விட்டுவிட்டு பென் டூலுக்கு (B கீ) வாருங்கள். வளைவு எங்கே உச்சத்துக்குப் போய்த் திரும்புகிறதோ அங்கே ஒரு நோடு, மூலை இருந்தால் அங்கே ஒன்று. வேறெங்கும் வைக்காதீர்கள். உச்சத்து நோடில் ஹேண்டில் நேர் கிடையாகவோ நேர் செங்குத்தாகவோ இருக்கட்டும்; இழுக்கும்போது கன்ட்ரோலைப் பிடித்தால் 15 டிகிரிக்கு ஒருமுறை நின்று நின்று போகும். ஹேண்டில் நீளத்தை அடுத்த நோடு வரையுள்ள தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துத் தொடங்கிவிட்டு, கண்ணுக்குப் பட்டபடி கூட்டிக் குறைக்கலாம். எழுத்துரு வடிவமைப்பவர்களும் கிட்டத்தட்ட இப்படித்தான் நோடு வைக்கிறார்கள்.

ஏற்கெனவே வரைந்ததைக் காப்பாற்ற வேண்டுமென்றால் கன்ட்ரோல் + எல், நோடுகளைக் குறைக்கும். அடுத்தடுத்து வேகமாக அழுத்தினால் ஒவ்வொரு தடவையும் இன்னும் முரட்டுத்தனமாகக் குறைக்கும், காலர் நுனி மாதிரி மூலைகள் மழுங்கிவிடும். நானாக இருந்தால் சட்டையைப் புதிதாகவே போடுவேன்.

பழைய டிடிபி ஆள்:
தடிமன் விஷயம் சின்னது. தேர்வு டூலில் (அம்புக்குறி) இருக்கும்போது மேல் பட்டையின் வலப்பக்கம் நாலு சின்ன பட்டன் வரிசையாக இருக்கும். முதலாவதை அழுத்தி வையுங்கள். அப்புறம் ஆளைச் சுருக்கினால் கோடும் கூடவே சுருங்கும்.

டேப்லெட்டை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். கோரல்ட்ரா என்ற வரைகலை மென்பொருளில் எஃப்10 (அதன் நோடு திருத்தும் டூல்) தட்டித் தட்டியே கல்யாணப் பத்திரிகையும் காலண்டர் சாமிப் படமும் போட்டவர்கள் நாங்கள், எல்லாம் மௌஸில்தான். பென் டூலுக்குக் கை ஓட்டம் வேண்டாம், எங்கே கிளிக் செய்வதென்று தெரிந்தால் போதும். டேப்லெட் ஸ்கெட்ச் போடத்தான் உதவும். அதற்குக் காகிதம் இருக்கிறதே.

மைக்கூடு:
மூன்றாவது கேள்வியை எல்லாரும் தாண்டிப் போய்விட்டீர்கள். சாருடைய குறைக்கு மென்பொருளில் மருந்து கிடையாது.

தம்பி, பாதியை வரைந்து திருப்பி ஒட்டியதுதான் விறைப்புக்கு முதல் காரணம். இரண்டு தோளும் ஒரே மட்டம், இரண்டு காலிலும் ஒரே பாரம். பள்ளிக்கூட அசெம்பிளியில் நிற்பவர்தான் அப்படி நிற்பார். ஓடுகிற பஸ்ஸில் கண்டக்டர் எப்படி நிற்கிறார் என்று பாருங்கள். இடுப்பைக் கம்பியிலோ சீட்டு முனையிலோ முட்டுக்கொடுத்து, பாரத்தை ஒரு காலில் போட்டு, பையை அக்குளில் இடுக்கி, ரூபாய் நோட்டுகளை நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் செருகியிருப்பார். டிக்கெட் மெஷின் வந்த பிறகும் பலருக்கு அந்த விரல் பழக்கம் போகவில்லை. உங்கள் படத்தில் பை நேராகத் தொங்குகிறது, கை இரண்டும் காலி.

படத்தை ஒரு நகல் எடுத்து முழுவதும் கறுப்பாக நிரப்பிப் பாருங்கள். அந்த நிழலை மட்டும் பார்ப்பவர் "கண்டக்டர்" என்று சொல்ல வேண்டும். இப்போது இருப்பதை நிரப்பினால் வாட்ச்மேன் என்றுகூடச் சொல்லலாம். பை, முழங்கை, நோட்டுள்ள விரல் மூன்றும் உடம்போடு ஒட்டாமல் வெளியே துருத்தட்டும். அளவும் ஒன்று சொல்ல வேண்டும். நிஜத்தில் வளர்ந்த ஆளின் உயரம் ஏறத்தாழ ஏழரைத் தலை, அதாவது தலையின் உயரத்தைப் போல ஏழரை மடங்கு. நீங்கள் அதையே போட்டுவிட்டு முகத்தை மட்டும் கார்ட்டூனாக்கியிருக்கிறீர்கள், இரண்டும் ஒட்டவில்லை. நாலு தலைக்குக் குறைத்துப் பாருங்கள்.

இதையெல்லாம் காகிதத்தில் கட்டைவிரல் அளவில் ஒரு பக்கம் நிறையக் கிறுக்கி முடிவு செய்யுங்கள். நிலை சரியாகும் வரை இங்க்ஸ்கேப்பைத் திறக்கவே வேண்டாம்.

திறந்த பிறகு, கையைத் தனி குரூப்பாக வையுங்கள். தேர்ந்தெடுத்ததை இன்னொரு முறை கிளிக் செய்தால் சுழற்றும் அம்புகளும் நடுவில் ஒரு சிலுவைக்குறியும் வரும். அந்தக் குறியைத் தோள்மூட்டுக்கு இழுத்து வைத்தால் கை அங்கிருந்தே திரும்பும். நிலையை மாற்ற ஒவ்வொரு தடவையும் புதிதாக வரைய வேண்டியதில்லை.

விஸ்காம் மாணவன்:
எல்லாருக்கும் நன்றி. மைக்கூடு அக்கா, கறுப்பாக நிரப்பித் தங்கையிடம் காட்டினேன், "பேங்க்ல நிக்கிற செக்யூரிட்டியா?" என்றாள். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து புதிதாக ஸ்கெட்ச் போட்டுவந்து, பென் டூலில் வரைந்திருக்கிறேன். சட்டை இப்போது 14 நோடு. புதுப் படம் இணைப்பில்.

ஒரே ஒரு சந்தேகம். சட்டையும் பையும் தொடும் இடத்தில் மெல்லிய வெள்ளைக் கீற்று தெரிகிறது. ஸ்னாப் (தானாக ஒட்டிக்கொள்ளும் வசதி) போட்டு விளிம்போடு விளிம்பு சரியாகத்தான் வைத்தேன்.

பழைய டிடிபி ஆள்:
ஜூம் செய்து பாருங்கள். எவ்வளவு பெரிதாக்கினாலும் கீற்று அதே மெல்லிசாக இருந்தால் அது நிஜ இடைவெளி இல்லை. விளிம்பை மழமழப்பாகக் காட்ட இரண்டு வடிவமும் அந்தப் பிக்சலை அரைகுறையாக நிரப்புகின்றன, மிச்சத்தில் பின்னணி வெள்ளை எட்டிப்பார்க்கிறது. பிஎன்ஜி படக் கோப்பாக எடுத்தாலும் வரும். விளிம்போடு விளிம்பு வைக்காதீர்கள். பைக்கு அடியில் சட்டையைக் கொஞ்சம் நீட்டிவிடுங்கள், பை அதன் மேல் உட்காரட்டும். கழுத்து, காலர், கைமூட்டு எல்லாவற்றுக்கும் இதேதான்.

மைக்கூடு:
புதுப் படம் பார்த்தேன். முழங்கை நன்றாக வந்திருக்கிறது. விசிலை வாயில் வைக்காமல் கழுத்தில் தொங்கவிடுங்கள், மீசையை மறைக்கிறது.