புதுப்பிப்பு: காந்தி பிறந்த வீட்டில் அம்மாவால் மாடி ஏற முடிந்ததா?

போர்பந்தரில் காந்தி பிறந்த வீட்டுக்கு முழங்கால் வலிக்கார அம்மாவை அழைத்துப் போகலாமா என்று கேட்டிருந்தேன். போய் வந்துவிட்டோம்.

தாராளமாகப் போகலாம், மாடியை மட்டும் மறந்துவிடுங்கள். மரப்படிகள் ஒடுக்கம், செங்குத்து. கயிற்றைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். அம்மா கீழேயே இருந்துவிட்டார். அவருக்கு அதில் நட்டமில்லை. 1869 அக்டோபர் 2-இல் காந்தி பிறந்த இடம் தரைத்தளத்தில்தான் இருக்கிறது; தரையில் ஸ்வஸ்திகா வரைந்து குறித்திருக்கிறார்கள். மேலே சின்னச் சின்ன வெற்று அறைகள், செதுக்கிய மர ஜன்னல்கள்.

வீட்டை ஒட்டி 1950-இல் திறக்கப்பட்ட கீர்த்தி மந்திர் என்ற காந்தி நினைவகம், அவருடைய வாழ்நாளைக் குறிக்க 79 அடி உயரம். அவ்வளவு பிரம்மாண்டம் அவருக்கே பிடித்திருக்குமா, சந்தேகம்தான்! செருப்பைக் கழற்ற வேண்டும். முற்றத்துக் கல் சுடுமுன் காலையிலேயே போய்விடுங்கள்.